இருமச் சொன்ன அண்ணி

மானம் கப்பலேற ஒரு தும்மல் போதும். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அண்ணிக்கு அப்படித்தான் ஏறியது. தலைப்பிரசவம் முடிந்த புதிதில், வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது தும்மித் தொலைத்தாள். சோபா நனைந்தது. புருஷனின் தங்கை சும்மா இருந்தாளா? சோபா மெத்தையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, "பாப்பாவுக்கு டயப்பர் வாங்கறப்போ அண்ணிக்கும் சேத்து வாங்குங்கப்பா" என்றாள். கூடமே சிரித்தது. வேறு வழியில்லாமல் அண்ணியும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு நாலு பேர் கூடும் இடம் என்றாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

மூத்திரத்தை அடக்கிப் பிடிக்கும் இடுப்படித் தசைகளை ஸ்கேன் செய்யக் கற்றபோது, பழகுவதற்காக, உடன் வேலை செய்தவள் இவளையே படுக்கவைத்துப் பார்த்தாள். தசை ஒரு பக்கம் எலும்பைவிட்டுப் பிய்ந்திருந்தது. எந்தப் பயிற்சியும் அதை ஒட்டவைக்காது.

இன்று அதே நாத்தனார் வலிய வந்து ஸ்கேன் கட்டிலில் படுத்திருக்கிறாள்.

"ரெண்டாவது பொறந்ததுலேருந்து கசியுது அண்ணி. தினமும் இறுக்கி இறுக்கிப் பயிற்சி பண்றேன், குறையவே இல்ல. உங்ககிட்டன்னா வெளியில போகாதுன்னுதான்..."

நல்லா வேணும் என்று மனசு குதித்தது. அண்ணி கருவிக்கு உறை மாட்டி, ஜெல் தடவி, தொடைகளுக்கு நடுவே வெளிப்பக்கமாக வைத்தாள்.

"இருமு."

இருமினாள். விரிப்பு நனைந்தது. சோதனைக்கு அந்த ஒரு இருமலே போதும். ஆனாலும் அண்ணி சொன்னாள்: "இன்னும் பலமா."

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணி திரையைப் பார்த்தாள். தசை எங்கும் பிய்யாமல் முழுசாக, கல்லுக்குண்டாக இருந்தது. பற்றிக்கொண்டு வந்தது அண்ணிக்கு.

"இப்போ இறுக்கு."

தசை மேலே ஏறவில்லை, மூத்திரப்பைதான் கீழே இறங்கியது. பாவி, இறுக்குவதாக நினைத்து முக்குகிறாள்! தினம் தினம் தானே தன்னைக் கெடுத்துக்கொள்கிறாள். நிறையப் பேர் செய்யும் தப்புதான். அப்படிப்பட்டவர்களுக்கு அண்ணி திரையைத் திருப்பிக் காட்டுவாள். கண்ணால் பார்த்ததும் சரியான முறையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பழக்கத்தில் கை திரையின் ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"கிழிசல் எதுவும் இல்ல" என்றாள். அது பொய்யில்லை.

"அப்பாடா! அப்போ பயிற்சிய இப்படியே பண்ணலாமா அண்ணி?"

அண்ணி திரையை அணைத்தாள்.

"இப்படியே பண்ணு. ஒரு நாள்கூட விட்டுடாதே."