நாற்பது வீட்டுக்கு ஒரு கையெழுத்து

விஜயா தினமும் காலை ஏழு மணிக்கு நடந்துதான் ரயில் நிலையம் போவாள். இருபது நிமிட நடை. மெல்பேர்ணின் மேற்கே அந்தத் தெருவில் அவளும் கணவர் வரதராஜாவும் வீடு வாங்கியதே அதற்காகத்தான். மூச்சிழுப்பு அவளுக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. நடந்தால் நெஞ்சு லேசாகும் என்பாள்.

மாநகரசபை புகை குறைந்த வலயம் ஒன்றை அறிவித்தது. அதற்குள் பழைய டீசல் லொறிகள் வரக்கூடாது. எல்லையை எங்கே போடலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தத் தெருவிலும் குறுக்குச் சந்துகளிலுமாகத் தமிழ் வீடுகள் நாற்பது. எல்லோரும் தமிழ்ச் சங்கச் செயலாளர் அரியரத்தினத்திடம் போய், "எங்களுக்கும் சேர்த்து நீங்களே எழுதிப்போடுங்கோ அண்ணை" என்றார்கள். கோயில் காரியமானாலும் அதுதான் வழக்கம். அவரும் நல்ல ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

முடிவு வந்தது. கடைத்தெருப் பக்கமிருந்து இருநூற்றுப் பதினொரு கருத்துகள். இவர்கள் பக்கமிருந்து ஒன்று. எல்லை இவர்கள் தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. உள்ளே போக முடியாத லொறிகளெல்லாம் சுற்றிக்கொண்டு இவர்கள் வாசலால் ஓடத் தொடங்கின.

கடைத்தெருவில் நடைபாதையில் கதிரை போட்டுக் கோப்பி குடித்தார்கள். மக்கள் காரை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சபை படத்தோடு அறிக்கை விட்டது. அந்த மாதம்தான் விஜயா நடையை விட்டாள். படி இறங்கினாலே இருமல். அவள் நடந்த தூரத்துக்கு வரதராஜா காரில் கொண்டுபோய் இறக்கினார். யன்னல்கள் பூட்டியே கிடந்தன. இரண்டாவது குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இறப்புப் பத்திரத்தில் ஆஸ்துமா என்று இருந்தது. லொறி என்று எந்த டொக்டர் எழுதுவார்?

விஜயாவின் முப்பத்தோராம் நாள் படையல் முடிந்து, இலை போடப் போனவர்களை வரதராஜா நிறுத்தினார். எல்லையை மாற்றலாமா என்று சபை மறுபடியும் கருத்துக் கேட்கிறது. நாளை மறுநாளோடு அனுப்பும் தவணை முடிகிறது. நாற்பது வீட்டாரும் ஒன்றாகக் கிடைப்பது இன்றுதான். மேசையில் வீட்டுக்கு ஒன்றாகச் சபையின் படிவங்களை அடுக்கி வைத்திருந்தார்.

"நான் நேற்றே எழுதிப்போட்டன் தம்பி" என்றார் அரியரத்தினம். "இந்தமுறை நாலு பக்கம். எல்லாற்றை பேரும் கீழ இருக்கு."

"ஒரே கடிதத்திலையோ அண்ணை?"

"ஓம்."

"அப்ப திரும்பவும் ஒண்டுதான். உங்கட இங்கிலீசை அவங்கள் பாக்கேல்லை. எத்தினை கடிதம் எண்டுதான் எண்ணினவங்கள்."

அரியரத்தினத்தின் முகம் சுருங்கியது. பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி குறுக்கே வந்தாள். "சாப்பிட்டிட்டு எழுதுவம் அண்ணா. பிள்ளையள் பசியோட நிக்குதுகள்."

"சாப்பிட்டா ஒருத்தரும் சொல்லாமல் போயிடுவியள். செத்த வீட்டிலை அதுதானே முறை" என்றார் வரதராஜா.

யாரோ சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னத்தை எழுதுறது?" என்று கேட்டாள் இராஜேஸ்வரி.

"முந்தி நடந்து போன இடத்துக்கு இப்ப எப்பிடிப் போறீர்? அதை மட்டும் எழுதும்."

முதலில் கதிரையை இழுத்துப் போட்டது அரியரத்தினம்தான். பேனையை வாங்கி எழுதினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குசினியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்பது சேர்ந்தன. கடைசிப் படிவத்தை வரதராஜா எடுத்தார். வழக்கமாக எப்படிப் பயணம் செய்வீர்கள் என்பது முதல் கேள்வி.

'என் மனைவி நடந்து போவாள்' என்று எழுதினார். அதன் பிறகுதான் இலை போடச் சொன்னார்.