கிணறு இறைத்த நாள்

சுத்தமாக இருந்தால் நோய் வராது என்று யாராவது புத்தி சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் வீட்டில் கட்டாயம் ஒரு கிணறு இருக்கும்.

யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியபோது நாங்கள் குருநகரிலிருந்து உரும்பிராய்க்கு ஓடினோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது குடும்பங்கள், சேலைதான் சுவர். இருந்த இரண்டு கக்கூசும் நிரம்பிவிட, ஆண்கள் பின்வளவில் குழி வெட்டினார்கள். குழிக்குப் பத்தடி தள்ளிப் பள்ளிக்கூடக் கிணறு. வேறு எங்கே வெட்டுவது? வேலிக்கு அங்கால் எல்லாம் ஊராருடைய தோட்டம்.

பக்கத்து வளவு ஒரு வெங்காயத் தோட்டக்காரருடையது. அவர்களுடைய கிணற்றில் நல்ல தண்ணீர். நாங்கள் கரையில் மீன்பிடிக்கிற சாதி, வாளியைத் தொடக்கூடாது. காலையில் அந்த வீட்டு அம்மா தானே அள்ளி, எட்ட நின்று எங்கள் குடங்களில் ஊற்றுவார். குடும்பத்துக்கு ஒரு குடம். அதற்கே அம்மா அவரைப் புண்ணியவதி என்பாள்.

மாரி மழை பிடித்ததும் குழிகள் வழிந்தன. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. உடனே அந்த வீட்டுப் படலையைப் பூட்டிவிட்டார்கள்.

"உதுகள் ஊத்தையள். எங்கடை பிள்ளையளுக்கும் ஒட்டிப்போடும்" என்று அந்த அம்மா சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது. ஊத்தையாம்! சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் யாழ்ப்பாணத்துக்குள் வரவிடாமல் தடை போட்ட அரசாங்கத்துக்கு ஒரு வசை இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குப் பள்ளிக்கூடக் கிணறு மட்டும்தான். நாலாம் நாள் தம்பிக்கும் தொடங்கியது.

சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடிக்கச் சொன்னார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னார். ஈர விறகில் கஞ்சியே கொதிக்காத இடத்தில் நின்றுகொண்டு சொன்னார். அம்மா "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று தலையாட்டினாள். அவள் மடியில் துவண்டு கிடந்த தம்பியைப் பார்த்துவிட்டு, கரைசல் மருந்துப் பக்கெட் ஒன்றை நீட்டினார்.

"நல்ல தண்ணியிலை கரைச்சு அடிக்கடி பருக்குங்கோ. இல்லாட்டில் பிள்ளை தப்பாது."

அம்மா பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலியையே பார்த்தாள். அப்பா நிவாரண வரிசையில் நின்றார். நான் செம்பை எடுத்தேன்.

மத்தியானம், ஊர் உறங்கும் நேரம். வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, வாளியை விட்டு அள்ளி, செம்பை நிரப்பித் திரும்பும்போது நாய் குரைத்துவிட்டது.

"ஐயோ, உந்தக் கரைப் பெட்டை கிணத்திலை கை வைச்சிட்டாள்!" என்று அந்த வீட்டு அம்மா கத்தினார்.

ஓடின ஓட்டத்தில் பாதி சிந்திப்போயிற்று. மிஞ்சியதில் அம்மா மருந்தைக் கொஞ்சம் கரைத்துத் தம்பிக்குப் பருக்கினாள். எங்கே அள்ளினாய் என்று கேட்கவேயில்லை. அது முடிந்ததும் மிச்ச மருந்தைப் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரில்தான் கரைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் இரையத் தொடங்கியது. நான் தொட்ட தீட்டுப் போகக் கிணற்றையே இறைத்துக் கொட்டினார்கள்! விளக்குக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லாமல் குடாநாடே தவித்த காலம். வெங்காயத்துக்கு இறைக்கவென்று ஒளித்துவைத்திருந்த மண்ணெண்ணெயை என் கைக்காகச் செலவழித்தார் அந்த மனுசன். பொழுதுபடும்வரை நல்ல தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. நாற்பது குடும்பமும் வறண்ட நாக்கோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்கூட வேலியைப் பிடுங்கி எறியவில்லை. அதை நினைக்க எங்கள் ஆட்கள்மேலும் எனக்குக் கோபம்தான்.

அப்பா வந்து, படலையடியில் நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு என் முதுகில் இரண்டு போட்டார்.

"காலிலை விழுந்தெண்டாலும் நான் வாங்கித் தந்திருப்பன். ஏனடி களவெடுத்தனி?"

மூன்றாம் நாள் தம்பி செத்துப்போனான். அவனுக்குப் பின்னால் மண்டபத்தில் இன்னும் இரண்டு குழந்தைகள். ஊரில் ஒரே கதைதான்: அதுகள் சுத்தம் பாராததுகள்.

அடுத்த ஞாயிறு, கத்தோலிக்கரான எங்களுக்குப் பூசை வைக்க வந்த சுவாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

"சுவாமி, நான் களவெடுத்த தண்ணியைத் தம்பிக்குக் குடுத்தனான். அதாலைதான் அவன் செத்தவன்."

அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். உன்மேல் பிழையில்லை என்று அவரும் சொல்லவில்லை. நான் முழங்காலில் நின்று மூன்றுக்கு முப்பதாகச் சொன்னேன். அந்தக் கிழமை முழுவதும் தம்பியின் வயிற்றுக்குள் போன ஒரேயொரு நல்ல தண்ணீர் நான் கொண்டுவந்த அந்த அரைச் செம்புதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.