கைக்கு எடுத்த ஸ்கேன்

எங்கள் வீட்டில் எந்த நோய் வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: வாயு. தலைவலித்தால் வாயு, முதுகு பிடித்தால் வாயு. ஆகவே என் வலது கையின் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தபோது, என் கணவர் ஓமவாட்டர் பாட்டிலோடு வந்து நின்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

உடையார்பாளையத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு முந்திரிக்காடு. காட்டைப் பார்ப்பது அவர். அதாவது, மர நிழலில் நின்று பார்ப்பார். கொட்டை உடைப்பது நான். ஒவ்வொரு கொட்டைக்கும் மெஷினின் கைப்பிடியை ஒருமுறை அழுத்த வேண்டும். வருஷக்கணக்காக அழுத்தியதில் தூக்கத்தில் கை எரிந்து விழிப்பு வந்தது. உதறினால் கொஞ்சம் அடங்கும். பகலில் டம்ளர் கையிலிருந்து நழுவும். கூடவே இருக்கும் என் நாத்தனார், வேலைக்கு டிமிக்கி கொடுக்க நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று என் காதுபடவே சொன்னார். கை வலியைவிட அது வலித்தது. வீக்கமில்லை, காயமில்லை, எதைக் காட்டி நம்பவைப்பேன்?

அரியலூரில் எலும்பு டாக்டர் மணிக்கட்டைத் தட்டியும் மடக்கியும் பார்த்தார். நரம்பு நெருக்குப்படுகிறது போலிருக்கிறது, கரண்ட் வைத்து ஒரு டெஸ்ட் எடுக்கலாம், இல்லையென்றால் ஸ்கேனிலும் பார்க்கலாம் என்றார். கரண்ட் என்றதும் என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கரண்ட் என் கைக்கு, பயம் அவருக்கு. ஸ்கேனே போதும் என்று முந்திக்கொண்டார்.

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். உள்ளே நிறையக் கர்ப்பிணிகள். சுவரில் ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற போர்டு. வரவேற்பில் இருந்த பெண் சீட்டை வாங்கினாள், படிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொன்னாள். கைக்குத்தானே ஸ்கேன் என்றேன்.

"எந்த ஸ்கேனா இருந்தாலும் தண்ணி குடிக்கணும்க்கா. யூரின் முட்டுனா சொல்லுங்க."

அவள் சொன்னதை என் கணவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பாட்டில் பாட்டிலாக வாங்கிவந்து, குடி குடி என்று பக்கத்திலேயே நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தது அன்றைக்குத்தான். பக்கத்து நாற்காலிப் பெண் என் நரைமுடியைப் பார்த்துவிட்டு, மெதுவாக, எத்தனாவது மாசம் என்று கேட்டாள். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. கையை நீட்டி, இதுக்கு என்றேன். அவள் நம்பவில்லை.

முட்டிக்கொண்டு உள்ளே போனேன், பின்னாலேயே அவரும் வந்தார். டாக்டரம்மா சின்ன வயது. படுக்கப் போனவளைத் தடுத்து உட்காரவைத்து, கையை மட்டும் தலையணைமேல் வைக்கச் சொன்னார். தண்ணீர் குடித்த கதையைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதலில் பாத்ரூமுக்கு அனுப்பினார். பிறகு மணிக்கட்டில் ஜில்லென்று பசையைத் தடவி, கருவியை நகர்த்தினார். திரையில் எல்லாம் சாம்பல் நிறம். அதில் ஒரு உருண்டையைச் சுற்றிக் கோடு போட்டு அளந்தார்.

"இதாம்மா நரம்பு. இந்தக் குறுகலான வழிக்குள்ள நசுங்கிப்போயி, அதுக்கு முன்னாடி வீங்கியிருக்கு. ரொம்ப நாளா வலிச்சிருக்குமே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். நான் பொய்க்காரி இல்லை. இனிமேல் அந்தக் கைப்பிடியை அழுத்தக்கூடாது, துணி பிழியக்கூடாது, மணிக்கட்டுக்குப் பட்டை போட வேண்டும், அசட்டையாக விட்டால் கட்டைவிரல் சதை கரைந்து பிடிமானமே போய்விடும் என்றார் டாக்டரம்மா.

என் கணவருக்கு மனசு ஆறவில்லை. எல்லாருக்குமே நரம்பு இப்படித்தானே இருக்கும் என்று கேட்டார். டாக்டரம்மா அவர் கையை இழுத்து அதே பசையைத் தடவினார். திரையில் இன்னொரு நரம்பு வந்தது. சின்னதாக, அழகாக.

"நல்ல நரம்பு சார். பச்சப்புள்ள நரம்பு மாதிரி இருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

விவசாயம் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருந்துக்கடையில் எனக்குப் பட்டை வாங்கிப் போட்டுவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம் தன் நரம்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் நாத்தனார் என்ன ஆச்சு என்று கேட்டதற்கும் தன் ரிசல்ட்டைத்தான் முதலில் சொன்னார். என்னுடையது நினைவு வந்ததும், மூலையில் இருந்த கொட்டை மூட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"வியாபாரி வந்துடுவான். இந்த ஒரு மூட்டைய மட்டும் மெதுவா ஒடச்சிடேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படம் போட்டுக் காட்டியும் புரியாதவருக்கு வேறு எப்படிக் காட்டுவது? பட்டை போட்ட கையால் அவர் கையைப் பிடித்து மெஷினில் வைத்தேன். "பச்சப்புள்ள நரம்பு சும்மா கெடக்கக் கூடாதுங்க" என்றேன். நாத்தனார் மூட்டையை இழுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்கு அவர்தான் உடைத்தார். பாதிப் பருப்பு நொறுங்கிப்போனது. மறுநாள் காலையில் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்து, கை மரத்த மாதிரி இருக்கிறது, பெரம்பலூருக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

நான் வாயு என்று சொல்லவில்லை. ஒரு குடம் தண்ணீரை இடது கையால் நகர்த்தி அவர் முன்னால் வைத்தேன்.

"குடிச்சிட்டுக் கெளம்புங்க."