அத்தை வாபஸ் வாங்கிய தேர்தல்

எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடம் ஒரு நைஜீரியாக்காரர் குடியிருந்தார் என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. மதுரைப் பசுமலையில் ஏது நைஜீரியா என்கிறார்கள். ஏதோ நான் மொட்டைமாடியில் ஒட்டகம் வளர்த்தேன் என்று சொன்ன மாதிரி ஒரு பார்வை வேறு.

பக்கத்துக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்க வந்தவர் அவர். எங்கள் தெருவில் அப்போது நாலைந்து வீட்டில் வாடகை போர்டு தொங்கியது. அவர் போய்க் கேட்டதும் அத்தனை வீட்டுக்கும் திடீரென்று ஆள் வந்துவிட்டது. என் அப்பா மட்டும் சாவியைக் கொடுத்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். மனிதர்கள் எல்லாரும் சமம் என்று வகுப்பு வகுப்பாக நடத்திவிட்டு வந்து வீட்டில் வேறு மாதிரி நடந்துகொண்டால் நன்றாகவா இருக்கும்? அந்தப் பெருந்தன்மையைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் கொஞ்ச நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான்தான் அதில் ரொம்ப மோசம்.

அவருடைய முழுப்பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நான் மாடி அண்ணன் என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. சிம்மக்கல் கடைக்காரர்களிடமிருந்து பொறுக்கிய தமிழை வைத்துக்கொண்டு மதுரை முழுவதும் சுற்றுவார். எல்லாரையும் அண்ணே என்பார். பூ விற்கிற அம்மாவிடம் போய் "எம்புட்டுண்ணே?" என்று கேட்டதில் அந்த அம்மா பூவைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அப்பாவும் அவரும் மாடியில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். அப்பா ஆங்கிலத்தில் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான், விடுவாரா. மாடி அண்ணன் தன் நாட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் எனக்குக் கதை போல இருக்கும். பூமியைத் தோண்டினால் எண்ணெய் வருகிற நாடு, ஆனால் பெட்ரோல் பங்க்கில் பொழுது விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் வசதி உள்ள வீடுகளில் ஆளுக்கொரு ஜெனரேட்டர். பேராசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று கல்லூரியை மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள், அதனால்தான் கடல் தாண்டி இங்கே வந்தேன் என்றார். ஒவ்வொரு தேர்தலிலும் இந்த ஆள் மாற்றுவான் என்று நம்புகிறோம், அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலைவலிக்குக்கூட வெளிநாட்டுக்கு வைத்தியத்துக்குப் போய்விடுகிறான் என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கிறாரே தவிர முகம் சிரிக்காது.

அந்த வருடம் அவர் நாட்டில் தேர்தல் நடந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அங்கே ஓட்டுக் கிடையாது. ஆனாலும் வாக்காளர் அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தார். தேர்தலன்று தங்கைக்குப் போன் மேல் போன். அவர்கள் ஊரில் ஓட்டுப் போட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நிற்பார்களாம். ஓட்டுச் சீட்டு ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி எண்ணும்போது கூட்டம் முழுவதும் சேர்ந்து சத்தமாக எண்ணுமாம். அந்தச் சத்தத்தைத் தங்கை போனில் கேட்க வைத்தாள் என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர்கள் சாவடியில் அவர் நம்பிய ஆள்தான் ஜெயித்தார். நாடு முழுவதும் சேர்த்து முடிவு வந்தபோது தோற்றுவிட்டார். சாவடியில் எண்ணியது எங்கே மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. மாடி அண்ணன் இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. அம்மா ரசம் சாதம் கொடுத்துவிட்டாள்.

அப்பா ஆறுதல் சொல்லப் போனார். அப்பாவின் ஆறுதல் என்றால் அது பாடம் நடத்துவதுதான். எங்கள் நாட்டைப் பாருங்கள், விரலில் மை, ரகசிய ஓட்டு, கிராமத்தில் கூலி வேலை செய்கிற பெண்கூடத் தலைவராகலாம், சட்டத்திலேயே இடம் ஒதுக்கி இருக்கிறோம் என்றெல்லாம் அடுக்கினார். மாடி அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, எங்கள் ஊருக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அன்றைக்கு யாராவது அப்பாவின் வாயைப் பொத்தியிருக்கலாம்.

அப்பாவின் ஊர் மதுரைக்கு மேற்கே, வானம் பார்த்த பூமி. தாத்தா அங்கே அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். அப்பாவைப் படிக்க வைத்தது அவருடைய அக்கா, என் அத்தை. தான் எட்டாவதோடு நின்று, களையெடுத்த கூலியில் தம்பிக்கு பீஸ் கட்டியவள். அந்த முறை ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்ததும் அத்தை பஸ் ஏறி வந்து, நான் நிற்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். அத்தை இருக்கும் எங்கள் பூர்வீகத் தெரு அந்த ஊரின் கடைசித் தெரு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் அங்கே வந்து சேர்வதற்குள் குழாய் வறண்டுவிடும். பெண்கள் அடுத்தவர் தோட்டத்து மோட்டாரில் போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்க வேண்டும்.

மாடி அண்ணன் எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார். அத்தை சட்டென்று சொன்னாள்.

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு தம்பி. மனுக் குடுக்குற எடத்துலயே எம்புட்டு நாளைக்கு நிக்கிறது? வாங்குற எடத்துல ஒருவாட்டி ஒக்காந்து பாப்பமே."

நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். மாடி அண்ணன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என் நாட்டுக்கு இப்படி ஒருவர் போதும் என்றார். அத்தைக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று முழுவதும் அவர் "ஓட்டுப் போடுங்கண்ணே" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். பெண்களிடம் அக்கா என்று சொல்ல வேண்டும் என்று நான் திருத்தினேன்.

அத்தை மனுத் தாக்கல் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ஊரிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்த அப்பா, நாளைக்குக் கோயிலில் ஊர்க்கூட்டம் என்றார். என்ன கூட்டம் என்று மாடி அண்ணன் கேட்டதற்கு, அது எங்கள் பழைய நேரடி ஜனநாயகம், எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அங்கே என்ன நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும், ஆனால் கூப்பிட்ட விருந்தாளியை வராதே என்று சொல்லவும் முடியவில்லை.

கோயில் முன்னால் தகரப் பந்தலில் ஊர் ஆண்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூரத்தில் வேலி ஓரமாக நின்றார்கள். அப்பாவுக்கும் மாடி அண்ணனுக்கும் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், பன்னீர் சோடா கொடுத்தார்கள். தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற இடம் அது. அங்கே அப்பாவை உட்காரச் சொல்லி "வாத்தியாரய்யா" என்றார்கள். அப்பா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று சோடாவைக் குடித்துக்கொண்டே ஊரே எங்களைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஊர்ப் பெரியவர் எழுந்தார். தேர்தல் என்று வந்தால் அடிதடி, வெட்டுக்குத்து, போலீஸ், அதனால் எப்போதும்போலப் பதவியை ஏலம் விடுவோம், எடுக்கிறவர் கோயில் மண்டபம் கட்டித் தர வேண்டும், மற்றவர்கள் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றார். ஏலம் ஆரம்பித்தது. மூன்று ஆண்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பெண்களுக்கான பதவி என்பதால் தங்கள் பெண்டாட்டிகளுக்காகக் கேட்டார்கள். அந்தப் பெண்டாட்டிமார் யாரும் அங்கே வரவில்லை. திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதை நான் பார்த்திருக்கிறேன், இதுவும் அதே மாதிரி விறுவிறுப்பாக இருந்தது. ஒருவர் பெயரில் முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மாடி அண்ணனிடம் திரும்பி, பார்த்தீர்களா, எங்கள் ஊரில் சண்டையே இல்லாமல் முடித்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்போது வேலி ஓரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. நான் வாபஸ் வாங்க மாட்டேன் என்றாள்.

பெரியவர் அத்தையைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்தார். "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவுக. ஒங்க அக்காவுக்கு நீங்கதேன் எடுத்துச் சொல்லணும். நாளப்பின்ன ஊருக்குள்ள பொழைக்க வேணாமா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையில் இருந்தது என்ன என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கடைசித் தெருவுக்குக் கூலி வேலை கொடுக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா எழுந்தார். "அக்கா, விட்டுக்குடு. ஊரே சொல்லுதுல்ல."

"ஊருன்னா யாருடா? இங்க ஏலங் கேட்ட மூணு ஆம்பளைகளா? நாங்க ஊரு இல்லையா? ஒனக்கு ஒரு சேர் போட்டதும் அம்புட்டும் மறந்து போச்சா?"

அத்தை கத்தினாள். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. எச்சில் தெறித்தது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஐயோ, மாடி அண்ணன் பார்க்கிறாரே, நம் அத்தை இப்படித் தெருச் சண்டைக்காரி போலக் கத்துகிறாளே என்று உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது, ஆனால் அது வேறு கூச்சம்.

என்ன சொல்கிறார்கள் என்று மாடி அண்ணன் கேட்டார். அப்பாதான் பதில் சொன்னார். ஊர் நலனுக்காக விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறாள், இதற்குப் பெயர் கன்சென்சஸ், ஒருமனதான முடிவு என்றார். அப்பாவின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கு மூச்சு வந்தது.

மாடி அண்ணன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "எங்க நாட்டிலும் இதுக்கு இதே வார்த்தைதான் சார்" என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கூட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை. வெளிநாட்டுக்காரர் சபைக்கு மரியாதை செய்கிறார் என்று எல்லாரும் பூரித்துப்போய் அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு அத்தையை ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அத்தை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மண்டபம் பளபளவென்று வந்துவிட்டது. கடைசித் தெருவுக்கு இப்போதும் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், தேர்தலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். மாடி அண்ணன் தன் நாட்டுக்குப் போய் வாத்தியாராகிவிட்டார். அங்கே தேர்தல் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மெசேஜ் வரும், இந்த முறையாவது என்று ஆரம்பித்து, அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று முடிப்பார். நல்லா இருக்காங்க என்று அனுப்புவேன். போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

ஏலக் கூட்டம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். அப்பா முன் சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் மாடி அண்ணன் பக்கத்தில். வீட்டு மானத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஸாரி அண்ணா, எங்கள் ஆட்கள் பொதுவாக இப்படிக் கத்த மாட்டார்கள் என்றேன். அவர் முன் சீட்டைப் பார்த்தார். பிறகு, அப்பாவுக்கும் கேட்கும்படியாக, தன் சிம்மக்கல் தமிழில் சொன்னார்.

"அத்தை நல்லா பேசுச்சு. அத்தை மட்டுந்தேன் பேசுச்சு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், மூன்று மணி நேரம் அத்தனை பேர் பேசினார்களே, இவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பா சாப்பிட வரவில்லை. எல்லாம் இந்த அத்தையால் வந்தது என்று திட்டிக்கொண்டே அப்பாவுக்கு வைத்திருந்த தோசையையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.