குங்கிலியத்துக்குச் சாகாத கிருமி

கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் இளித்தபடி நின்றதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பெரம்பலூரில் நான் நுண்ணுயிரியல் நடத்தும் கல்லூரியின் ஆய்வகம் அது. தட்டில் குங்கிலியப் பிசின் கலந்த, கிருமி வளர்க்கும் அகர் கூழ். அதன்மேல் முந்தின நாள் தடவிய பாக்டீரியா ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. பதினைந்து வருஷ ஆராய்ச்சியில் நான் கொன்ற முதல் உயிர் அதுதான், கொசுக்களைச் சேர்க்காமல். சாப்பாட்டு நேரத்தில் லேப் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். தட்டுகளைக் கழுவித் தரும் உதவியாளர் அவர், ஓடிப்போக முடியாதவர். பாக்டீரியாவைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு, பிசினின் எண்ணெய்ப் பசையுள்ள சத்து அதற்குள் புகுந்து ஓட்டை போட்டுவிடும், உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து கிருமி செத்துவிடும் என்று விளக்கினேன். “எல்லாக் கிருமியுமுங்களா சார்?” என்றார். “எல்லாந்தான்க்கா” என்றேன், வாயில் தயிர்சாதத்தோடு.

அவருடைய கணவருக்குக் காலில் சர்க்கரைப் புண் இருந்தது எனக்குத் தெரியாது. ரெட்டிபாளையத்தில் சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவர். மாத்திரை என்றாலே முகம் சுளிப்பவர். அக்கா என் சேதியை வீட்டில் சொல்ல, மறுநாளே அவர் அரியலூர் நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கி, நல்லெண்ணெயில் உருக்கிப் பூச ஆரம்பித்துவிட்டார். மாத்திரை பரணுக்குப் போனது. அக்கா கெஞ்சியிருக்கிறார். “காலேஜு சாரே சொல்லிட்டாரு. அவரவிட ஒனக்குத் தெரியுமா?” என்று வாயை அடைத்துவிட்டாராம்.

ஐந்தாம் நாள் அக்கா நடந்ததையெல்லாம் சொல்லி, கணவரின் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் முன்பு எடுத்த சீழ்ப் பரிசோதனையின் சீட்டை என் மேஜையில் வைத்தார். “சார், ஒங்க தட்டுல செத்தது இந்தக் கிருமிதானுங்களா?”

இல்லை. என் தட்டில் செத்தது தோலில் சாதாரணமாக வாழும் ரகம். சீட்டில் இருந்தது, சவ்வுக்கு மேலே இன்னொரு உறையும் போர்த்திக்கொண்ட ரகம். பிசின் அதைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். வருஷா வருஷம் முதலாமாண்டுக்கு நான் நடத்தும் பாடமே அதுதான். உடனே அக்காவின் கணவருக்குப் போன் போட்டேன். “அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்களே சார்” என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே எங்களிடமிருந்த அதே இனக் கிருமியை எடுத்துக் குங்கிலியக் கூழில் தடவி வைத்தேன். மறுநாள் அக்கா அவரைப் பஸ்ஸில் ஏற்றி, கைத்தாங்கலாக அழைத்துவந்தார்.

மூடி திறக்காமல் இரண்டு தட்டுகளையும் அவர்முன் வைத்தேன். ஒன்று வெறுமையாக, சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் விளிம்புவரை பச்சை படர்ந்திருந்தது. மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல எங் காலு எதுங்க?”

பச்சையைக் காட்டினேன். தட்டருகே குனிந்தார்.

“நல்லாத்தான் வெளஞ்சிருக்கு” என்றார். பிறகு மனைவியிடம், “சரி, வூட்டுக்குப் போனதும் அந்த மாத்திரைய எடுத்துக் குடு.”

“மாத்திரையா? நேரா ஆஸ்பத்திரிதான். ஏந்திரிங்க.”

கால் பிழைத்தது, சுண்டுவிரல் போய்விட்டது. திட்டு வாங்கத் தயாராக ஆப்பிளும் கையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரோ எனக்கு ஆறுதல் சொன்னார். “விடுங்க சார். சொன்னது நீங்க, நிறுத்துனது நானு. ஆளுக்குப் பாதி.” பாதிப் பாதி என்றாலும் விரல் முழுதாக அவருடையது என்பதை நான் சொல்லவில்லை.

போன மாதம் என் கட்டுரை அச்சில் வந்தது. ‘குங்கிலியம் பாக்டீரியாக்களை அழிக்கும்’ என்று முதலில் வைத்த தலைப்பில், பாக்டீரியாக்களுக்கு முன்னால் ‘சில’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன். சக பேராசிரியர்கள் கைகுலுக்கினார்கள். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இதழை வாங்கினார். எழுத்துக் கூட்டித் தலைப்பைப் படித்தார். அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க சார்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தட்டு கழுவப் போனார்.