அக்குளில் கூடிய சந்தை

கொரோனா பூஸ்டர் ஊசி போட்டு சில நாள் கழித்துக் குளிக்கும்போது, இடது அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி தட்டுப்பட்டது. என் அக்கா மார்பில் கட்டி வந்து செத்தவள். யாரிடமும் சொல்லாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன். கரையவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊசி எந்தக் கையில போட்டாங்க?" என்று கேட்டார்.

"இதே கையிலதாங்க."

"பயப்படாதீங்க. ஊசி போட்ட எடத்துலேர்ந்து ஒரு செல்லு, கிருமியோட துணுக்கை எடுத்துக்கிட்டு இங்க அக்குள்ல இருக்குற நெணநீர் முடிச்சுக்கு வருது. 'இது உனக்குப் பொருந்துதா'ன்னு அங்க காவல் காக்குற ஒவ்வொரு டி செல்லுகிட்டயும் காட்டுது. பொருந்துறது மட்டும் பல மடங்கா பெருகுது. அதான் வீக்கம். எந்தத் துணுக்கைக் காட்டணும்னு தேடிப் பார்த்துதான் தடுப்பூசியே செய்யறாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "வெளைஞ்சத விக்கப் போனா மார்க்கெட் கமிட்டியில நாங்க மூட்டையிலேர்ந்து ஒரு கை மக்காச்சோளம் அள்ளிக்கினு ஒவ்வொரு வியாபாரிகிட்டயா காட்டுவமே, அப்படியாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அதேதாங்க. கொஞ்ச வாரத்துல அமுங்கலைன்னா திரும்ப வாங்க."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பத்தைக் கழுவினேன். எனக்காகக் கூடிய சந்தையைக் கலைக்கவா சுண்ணாம்பு பூசினேன்! கட்டிமேல் மெல்ல விரலை வைத்தேன். விலை படியும் நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படியே நின்றேன்.