மேற்கே போன விளக்குகள்

என் தங்கையின் ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்தாள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அவள் பிறந்த நாளன்று, பொழுது சாயும் வேளையில், தங்கை தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு பறக்கும் காகித விளக்கை அனுப்புவாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் கிடைக்கும் வெள்ளை விளக்கு. அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால், மகளுக்கு அந்த ஆண்டு வாய்த்திருக்க வேண்டியதை எழுதுவாள். ‘இந்த வருஷம் நீ மூணாவது. வாய்ப்பாடு மறக்காதே.’ ‘இந்த வருஷம் நீ ஆறாவது. புது ஸ்கூல், அழக் கூடாது.’

நான் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன். அவள் அடியிலுள்ள மெழுகைக் கொளுத்துவாள். கடற்காற்று அதை மேற்கே கொண்டுபோகும். புள்ளியாகி மறைந்ததும், “போய்ச் சேந்துடுச்சிக்கா” என்பாள். அன்றைக்கு மட்டும் வயிறாரச் சாப்பிடுவாள்.

மேற்கே தொழிற்பேட்டை. அங்கே ஒரு பெயிண்ட் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு எழுத்து வேலை. மேற்கே என்ன இருக்கிறதென்று மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் அந்த ஓரத்தைப் பிடித்தேன்.

சென்ற ஆண்டு, பிறந்த நாளுக்கு மறுநாள் காலை, செக்யூரிட்டி அண்ணன் பாதி கருகிய காகிதமொன்றை என் மேசைமேல் போட்டார். பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் டிரம்கள் அடுக்கிய முற்றத்தில், இரண்டு டிரம்களின் இடுக்கில் கிடந்ததாம்.

“நல்லவேள மேடம், அணைஞ்சி வுழுந்துகீது. இல்லாங்காட்டி நீங்களும் நானும் ஒண்ணாவே மேல போயிருப்போம்.” திருப்பிப் படித்துச் சிரித்தார். “எந்தப் பொண்ணோ பத்தாவதாம், கணக்குக்குப் பயப்படாதேன்னு எழுதிகீது. டியூசன்ல சேக்காம ஆகாசத்துல லெட்டர் வுட்டுகினுகீறாங்க!”

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏனென்று கேட்டிருப்பார்.

இந்த விளக்குகளைத் தடைசெய்யக் கோரி மனு எழுதும்படி மேலாளர் சொன்னார். ஷிப்டு மாறும்போது அந்த முற்றத்தை ஒட்டி நடந்துபோகிறவர்களை நினைத்தே எழுதினேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். இணைக்க வேண்டிய புகைப்படத்தை மட்டும், எழுத்துள்ள பக்கம் தரையைப் பார்க்கும்படி வைத்து எடுத்தேன். பிறகு காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

தடை வந்தது. பஜார் கடைகளிலிருந்து விளக்குகள் மறைந்தன. முன்பே வாங்கி வைத்திருந்த கடைசி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு தங்கை பொருமினாள்.

“எந்தப் பாவி எழுதிப் போட்டானோ. எம் பொண்ணு விளக்கால யார் ஊடு எரிஞ்சிச்சி, சொல்லு?”

“நான்தான் எழுதுனேன்.”

அவள் விளக்கை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். “ஒம்போது வருசமும் நீதானேக்கா புடிச்சிகினு நின்னே” என்றாள்.

அந்தக் காகிதத்தைக் காட்டியிருந்தால் கோபம் தணிந்திருக்கும். மற்ற எட்டும் எங்கெங்கே விழுந்தன என்று அவள் தேடவும் தொடங்கியிருப்பாள். “டிரம் இருக்கிற இடம், தீப்புடிச்சிடும்” என்று மட்டும் சொன்னேன்.

இந்த ஆண்டு பிறந்த நாளன்று அவளே என் வீட்டுக்கு வந்தாள். கடைசி விளக்கில் எழுதியிருந்தாள்: ‘இந்த வருஷம் நீ பதினொண்ணாவது. எந்த குரூப்புன்னு நீயே பாத்து எடு.’

“கொளுத்தல. உன் பீரோவுல வை. எப்பனா தடைய எடுத்தா வுடலாம்.”

சாப்பிடச் சொன்னேன். பசியில்லையென்று பஸ் ஏறிவிட்டாள்.

பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே, கருகிய பத்தாம் வகுப்பு இருந்தது. அதன்மேல் பதினொன்றாம் வகுப்பை மடித்து வைத்துப் பூட்டினேன்.